வெறுங்கை உபாத்தியாயர்

நம் சங்கத்துக் குடும்பங்களிற் பல சிறுவரும் சிறுமியரும் மாலைவேளைகளில் வெள்ளுடை தரித்து, இடையில் நிறக்கச்சை வரிந்து, கராத்தே பயிலச் செல்லுதலை இந்நாளில் யாண்டுங் காண்கின்றோம். சின்னாட்களுக்கு முன் என் வகுப்பு மாணாக்கன் ஒருவன், ஓர் எழுதுகோல் பற்றிய சிறு பூசலில், உடன் பயிலும் சிறுவனை முகத்திற் குத்தி உதடு கிழியச் செய்துவிட்டான். அவனை அழைத்து வினவியபோது, தான் கராத்தே கற்றவன் என்பதனையே அதற்கு நியாயமாகக் கூறினான். அக்கலையை உலகறியச் செய்த ஆசிரியர் யாவர், எதன்பொருட்டு அதனைக் கற்பித்தார் என்று கேட்டேன். அவன் அறியான், அவனை அழைத்துச்செல்ல வந்த தந்தையாரும் அறியார். உண்மையை மறையாது சொல்லின், அன்று யானும் அறியேன். பின்னர் நூல்களைத் தேடிக் கற்றறிந்தவற்றை ஈண்டு எழுதலானேன். அவ்வாசிரியரும் எம்மனோர்போல் ஒரு பள்ளிக்கூடத்து உபாத்தியாயரே என்பது எனக்குத் தனியானதோர் உவகையைத் தந்தது. அவர் பெயர் புனகோஷி கிச்சின்.

ஜப்பான் தேயத்தின் தென்மேற்கே, வில்லைப்போல் வளைந்து கிடக்கும் தீவுக்கூட்டத்திற்கு ரியூக்கியூ என்று பெயர். அவற்றுட் பெரியது ஒக்கினாவா. 1429-ஆம் ஆண்டு முதல் அத்தீவுகள் ஓர் அரசின்கீழ் ஒன்றுபட்டு, சூரி என்னும் நகரைத் தலைநகராகக் கொண்டு விளங்கின. சீனப் பேரரசர்க்குத் திறை செலுத்தி, அந்நாட்டோடும் பிற நாடுகளோடும் கடல்வாணிகம் செய்து வாழ்ந்தனர் அம்மக்கள். 1609-இல் ஜப்பானின் சத்சுமா நாட்டுப் படையினர் வந்து அவ்வரசை அடிப்படுத்தினர். படைக்கலம் பறிக்கப்பட்ட குடியானவர் தம்மைக் காத்துக்கொள்ளவே வெறுங்கைப் போரை வளர்த்தனர் என்று ஒரு கதை பெருவழக்காக உளது. கேட்க இனிய கதையேயாயினும், முழுதும் கொள்ளத்தக்கதன்று. நமக்குப் பெயர் தெரியவரும் பழைய ஆசிரியர்களுட் பலர் சூரி அரண்மனையைச் சார்ந்த பணிக்குலத்தவரே. தீவிலே வழங்கிய கைப்போரும், சீனத்துப் புக்கியென் மாகாணத்திலிருந்து வணிகரும் தூதரும் கொணர்ந்த முட்டிப்போரும் கலந்து உருவாயதே இக்கலை. அதனை அவர்கள் கை என்றும், சீனக் கை என்றும் பொருள்படும் சொற்களால் வழங்கினர்.

ஈண்டு ஒன்று கூறுதல் வேண்டும். தென்னாட்டிலிருந்து சீனஞ் சென்ற போதிதருமரே சாவொலின் மடத்துத் துறவியர்க்குக் கைப்போர் கற்பித்தார் என்றும், ஆதலின் கராத்தே நம்முடையதே என்றும் நம்மவர் மேடைகளிற் பேசுதலைக் கேட்கின்றோம். புனகோஷியாரும் தம் நூலில் அக்கதையைக் குறித்துள்ளார். ஆயினும் போதிதருமரைக் கைப்போரோடு இணைக்கும் செய்திகள் அவர் காலத்திற்கு நெடுங்காலம் பிற்பட்டன என்பது ஆராய்ச்சியாளர் துணிபு. பிறர் வியர்வை சிந்தி வளர்த்த பயிரை நம் வயலிற் சேர்த்து எழுதிக்கொள்ளுதல் அழகன்று.

புனகோஷியார் 1868-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 10-ஆம் நாள் சூரியிற் பிறந்தார். ஜப்பானில் மெய்ஜிப் பேரரசரின் புதிய ஆட்சி தொடங்கியதும் அவ்வாண்டே. பணிக்குலத்துட் கீழ்ப்படியைச் சார்ந்தது அவர் குடும்பம். தந்தையார் சிறு உத்தியோகம் உடையவர். ஆனால் குடியிற் பொருளைத் தொலைத்தவர். குழந்தை குறைமாதத்திற் பிறந்து மெலிந்திருந்தமையின், நெடுநாள் வாழாது என்றே உற்றார் எண்ணினர். தாயைப் பெற்றோர் இல்லத்தில் வளர்ந்த அப்பிள்ளைக்குப் பாட்டனார் சீன நூல்களைக் கற்பித்தார். பள்ளியில் அவனோடு பயின்ற நண்பன் ஒருவன், அசாத்தோ என்னும் பெருங்குடித் தலைவரின் மகன். அசாத்தோ வாட்போரிலும் வில்லிலும் குதிரையேற்றத்திலும் வல்லவர்; கைப்போரில் தீவெங்கும் புகழ்பெற்றவர். நண்பன் வீட்டிற்கு விளையாடச் சென்ற நோயாளிச் சிறுவன், அங்கே மாணாக்கன் ஆயினன். ஆண்டுகள் செல்லச்செல்லத் தன் உடல் வலிவுறுதலை அவனே உணர்ந்தான்.

மருத்துவம் கற்க வேண்டுமென்பது அவரது முதல் விருப்பம். டோக்கியோ மருத்துவப் பள்ளியின் தேர்வுக்கு 1870-ஆம் ஆண்டிலோ அதற்குப் பின்னரோ பிறந்தோரே தக்கவர் என்ற விதி இருந்தமையால், பிறந்த ஆண்டை மாற்றி எழுதித் தேர்வெழுதினார். இதனை அவரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டுள்ளார். தேர்வில் வெற்றியும் பெற்றார். ஆனால் குடுமி வைத்தோர்க்கு அப்பள்ளியில் இடமில்லை. குடுமியை ஆடவர்தம் மானத்தின் அடையாளமாகக் கருதிய குடும்பத்தார் அதனைக் களைய உடன்பட்டிலர். மருத்துவப் படிப்புக் கனவாய் முடிந்தது. சில ஆண்டுகள் சென்றபின், 1888-இல், உதவி உபாத்தியாயர் வேலை கிடைத்தது. அதற்கும் குடுமி ஆகாது என்றது அரசு. இம்முறை அவர் அதனைக் களைந்துவிட்டார். புதிய உடையோடும் கத்தரித்த தலையோடும் இல்லம் புகுந்தபோது, தந்தையார் சினத்தாற் கொதித்தார். தாயாரோ மகன் முகத்தைப் பாராது திரும்பிப் புறக்கடை வழியே தம் பிறந்தகம் சென்றுவிட்டார். ஒரு பிடி மயிருக்காக இத்துணைத் துயரமா என்று இளைஞர் நகைக்கலாம். நம் பாட்டன்மார் காலத்தில் நம் வீடுகளிலும் இவ்வழுகை கேட்டதுண்டு. ஒரு குலம் தன் வழக்கத்தை விடுங்கால் நோகாது விடுவதில்லை.

பகலிற் பள்ளி, இரவிற் கைப்போர். அந்நாளில் இக்கலை மறைவிலேயே பயிலப்பட்டது. நிலவில்லாத இரவுகளில் மங்கிய கைவிளக்கொன்றை ஏந்தி ஆசிரியர் இல்லத்திற்கு அவர் நடந்து செல்லுதலைக் கண்ட அயலார், தீயொழுக்கத்தின்பொருட்டே இவன் இரவிற் திரிகின்றான் என்று ஐயுற்றனர். மெய்யைச் சொல்லித் தம்மைக் காத்துக்கொள்ளவும் அவருக்கு உரிமையில்லை. அசாத்தோ நிமிர்ந்து அமர்ந்து நோக்கியிருப்பார். மாணாக்கர் முற்றத்தில் ஒரே பயிற்சியைத் திரும்பத் திரும்பச் செய்வார். இன்னும் ஒருமுறை என்னும் அளவிலேயே ஆசிரியர் வாய்திறப்பார். செம்மையாக அமைந்ததென அவர் கருதுங்காறும் அடுத்த பாடம் இல்லை. திங்கள்கள் பல கழியினும் இல்லை. அசாத்தோவின் நண்பரான இத்தோசு என்பாரிடமும் புனகோஷியார் பயின்றார். அவர் நைஹாஞ்சி என்னும் மூன்று பயிற்சித்தொடர்களையே பத்தாண்டு கற்பித்தார். இக்காலத்தார் பத்தாண்டில் எத்தனை நிறக்கச்சை மாற்றுகின்றனர் என்பதை எண்ணிப் பார்க்க.

பயிற்சித்தொடர் என்று கூறியதனைக் கராத்தே பயில்வோர் கட்டா என்பர். எதிரி ஒருவன் முன்னும் பின்னும் பக்கத்தும் நிற்பதாகக் கருதி, தடுத்தலும் குத்துதலும் உதைத்தலும் திரும்புதலும் முறைப்படி கோத்த கோவை அது. நைஹாஞ்சியில் குதிரைமீது அமர்ந்தான்போற் கால்களை அகற்றி ஊன்றி, ஒரே நேர்கோட்டில் இடமும் வலமும் பக்கவாட்டிற் பெயர்ந்து செல்ல வேண்டும். நூலறிவுடையார் யாப்பினைக் கற்கும்போது முதலில் அசையும் சீரும் பயிலுதல்போல, கட்டாவிற்கு முன்னர் நிலையும் முட்டியும் பயில வேண்டும்.

முட்டி பிடித்தல் எளிதெனத் தோன்றும். விரல்களை நுனிக்கணுவிலிருந்து மடித்து, உள்ளங்கையில் இடைவெளியின்றி இறுக்கி, பெருவிரலைச் சுட்டுவிரல் நடுவிரல்களின்மேல் குறுக்காகப் படியவைத்தல் வேண்டும். பெருவிரலை உள்ளே வைத்து மூடுவோன் தன் விரலையே முறித்துக்கொள்வான். அடிப்பது முட்டி முழுவதாலும் அன்று. சுட்டுவிரல் நடுவிரல் ஆகிய இரண்டன் அடிக்கணுக்களாலேயே. கை இடுப்பருகே உள்ளங்கை மேனோக்க நின்று, நேரே சென்று, தொடும் கணத்தில் உள்ளங்கை கீழ்நோக்கத் திருகும். அதே கணத்தில் மற்றைக் கை பின்வாங்கி இடுப்பையடையும். தோள் உயர்தல் கூடாது. வலிமை இடுப்பினின்றும் பிறந்து தோள்வழியே ஓடும். தடுத்தல் மேல், நடு, கீழ் என மூவகைப்படும். முன்னங்கால் மடித்துப் பின்னங்கால் நீட்டி ஊன்றும் நிலை முன் பாய்தற்கும், பின்னங்காலில் எடை தாங்கும் நிலை விலகித் தடுத்தற்கும் உதவும். தொடக்கத்தார்க்குரிய ஹெய்யான் என்னும் ஐந்து கட்டாக்களும் தடுத்தலிலேயே தொடங்குகின்றன. ஒன்றேனும் அடித்தலில் தொடங்கவில்லை. என் மாணாக்கனுக்கு இதனைக் காட்டினேன். நாள்தோறும் அதனைச் செய்பவன், அன்றுதான் அதனைக் கவனித்தான்.

உடல்வலிக்கு அவர்கள் கையாண்ட கருவிகள் செலவில்லாதவை. ஏழெட்டு அடி நீளமுள்ள மரக்கம்பம் ஒன்றை மேல்நுனி மெல்லியதாகச் சீவி, அடிப்பகுதியை மண்ணில் ஆழப் புதைத்து, நெஞ்சளவில் வைக்கோற் பிரியைச் சுற்றுவர். மக்கிவாரா என்பது அதன் பெயர். குத்துங்கால் அது சிறிது வளைந்து எதிர்த்துத் தள்ளும். அவ்வெதிர்ப்பைத் தாங்கக் கற்றலே பயன். கைத்தோல் காய்த்துப்போதல் அன்று. முதல்நாளிலேயே வெறிகொண்டு குத்துவோர் கணுவைக் கெடுத்துக்கொள்வர். சிறிது சிறிதாகவே மிகுத்தல் முறை. பிடிவலிமைக்குக் கழுத்துக் குறுகிய மண்சாடிகளில் மணலிட்டு, வாய்விளிம்பை விரல்நுனியாற் பற்றித் தூக்கி நடப்பர். கழியின் ஒரு முனையிற் கல்லைப் பொருத்திச் சுழற்றி மணிக்கட்டையும் தோளையும் வலுப்படுத்துவர். புனகோஷியாரோ இயற்கையையும் கருவியாக்கினார். தீவைச் சூறைக்காற்றுத் தாக்கிய ஓரிரவில், அவர் தம் வீட்டுக் கூரைமீதேறி, வைக்கோற் பாயொன்றை இருகையாலும் முன்னே பிடித்துக் காற்றை எதிர்த்துக் குதிரைநிலையில் நின்றார். காற்று அவரைக் கூரையினின்றும் வீழ்த்தியது. சேறு படிந்த உடலோடு மீண்டும் ஏறி நின்றார். குறைமாதத்திற் பிறந்து, பிழைக்கானென்று கைவிடப்பட்ட பிள்ளை அவர் என்பதை நினைக்க.

இவ்வாறு வளர்த்த வலிமையை என் செய்தார்? அவர் இளமையில் நிகழ்ந்தது ஒன்று. மனைவியின் பெற்றோர் இல்லத்தினின்றும், தம் வீட்டு முன்னோர் வழிபாட்டிற்குப் படைக்கத்தந்த இனிப்புப் பண்ணியங்களை எடுத்துக்கொண்டு இரவிலே தனிவழியில் திரும்பினார். இருவர் வழிமறித்துக் கையிலுள்ளதைக் கேட்டனர். அவ்விருவரையும் வீழ்த்துதல் அவர்க்கு அரியதன்று. அவரோ தணிந்த சொற்களால் உள்ளதைக் கூறி, பண்ணியங்களைக் கொடுத்துவிட்டு நடந்தார். ஆசிரியர் இருவருக்கும் இதனைத் தெரிவித்தபோது, இத்தோசு அவரைப் பாராட்டி, இனிக் கற்பிக்கவேண்டியது யாதுமில்லை என்னுங் கருத்துப்படப் பேசினார். அசாத்தோ மட்டும், பண்ணியம் போயிற்றே, முன்னோர்க்கு எதனைப் படைப்பாய் என்று வினவினார். உள்ளத்தினின்றும் எழும் வழிபாட்டைப் படைப்பேன் என்றார் மாணாக்கர். அவ்விடையில் ஆசிரியரும் மகிழ்ந்தார். ஆசிரியர்க்கு இத்தகைய மாணாக்கர் வாய்த்தல் அரிது. மாணாக்கர்க்கு அப்பெருமையை நாணமின்றி ஏற்றல் எளிது. இந்நிகழ்ச்சியைப் படிப்போர் மனத்தில் வைத்துக்கொள்க. மீண்டும் இதற்கு வருவேன்.

உபாத்தியாயர் சம்பளம் தொடக்கத்தில் திங்களுக்கு மூன்று யென். பெற்றோர், பாட்டன் பாட்டியர், மனைவி, மக்கள் எனப் பத்துப்பேர் உண்ணவேண்டிய இல்லம். மனைவியார் இரவெல்லாம் தறியில் நெய்வார். விடியற்காலையில் குழந்தையை முதுகிற் சுமந்து நெடுந்தூரம் நடந்து காய்கறித் தோட்டத்திற்குச் செல்வார். உபாத்தியாயர் மண்வெட்டுதல் மதிப்பன்று என்று கருதிய காலம் ஆதலின், புனகோஷியார் அகன்ற விளிம்புடைய தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டு மனைவியோடு உழைத்தார். அவ்வம்மையாரும் களைப்பு நீங்கக் கட்டா பயின்றார். அயலில் குடித்துவிட்டுச் சண்டையிடுவோரை விலக்கி அமைதிப்படுத்துவார். கணவரின் புகழ்கூறும் நூல்களில் இவ்வம்மையார்க்கு இரண்டொரு வரிகளே கிடைத்துள்ளன. அவர் நெசவு இன்றேல் அப்புகழும் இன்று என்பது என் கருத்து.

மறைவிலிருந்த கலை வெளிப்பட்டது 1901-ஆம் ஆண்டளவில். இத்தோசு அதனைச் சூரியிலுள்ள தொடக்கப்பள்ளியிற் புகுத்தினார். 1908-இல் கலையின் பயன்களைப் பத்துக் கூறுகளாக எழுதிக் கல்வி அதிகாரிகட்கு அனுப்பினார். ஹெய்யான் கட்டாக்கள் அவர் பள்ளிச்சிறார்க்கெனத் தொகுத்தவையே. 1921-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஜப்பானிய இளவரசர் ஹிரோஹிட்டோ ஐரோப்பா செல்லும் வழியில் ஒக்கினாவாவில் இறங்கியபோது, சூரி அரண்மனைப் பெருமண்டபத்தில் புனகோஷியார் தலைமையில் கராத்தே செய்துகாட்டப்பட்டது. அடுத்த ஆண்டு, 1922 மே திங்களில், கல்வி அமைச்சு டோக்கியோவில் நடத்திய தேகப்பயிற்சிக் கண்காட்சிக்கு அவரையே தீவினர் அனுப்பினர். முப்பதாண்டுக்கு மேற்பட்ட ஆசிரியப்பணியை முடித்திருந்த அவர்க்கு அப்போது வயது ஐம்பத்து மூன்று. சில நாளில் திரும்பிவிடும் எண்ணத்தோடே கப்பலேறினார். ஜூடோக் கலையை அமைத்த கானோ ஜிகோரோ அவரைத் தம் பயிற்சிக்கூடத்திற்கு அழைத்துச் செய்துகாட்டச் சொன்னார். கண்டு வியந்து, இங்கேயே தங்கிக் கற்பிக்கலாகாதா என்றார். கொசுகி ஹோவான் என்னும் ஓவியரும் தம் நண்பர்க்குக் கற்பிக்குமாறு வேண்டினார். நூலெழுதத் தூண்டியவரும் அவரே. புனகோஷியார் தங்கிவிட்டார். மனைவியார் உடன்வரவில்லை. முன்னோர் கல்லறைகளுக்கு வழிபாடு செய்வார் யார் என்பது அவர் கேள்வி.

டோக்கியோவில் அவர் பட்ட வறுமை சொல்லுந்தரத்ததன்று. ஒக்கினாவா மாணவர் தங்கும் விடுதியொன்றில் சிற்றறை பெற்று, அதற்கு ஈடாக வாயில் காத்தார், முற்றம் பெருக்கினார், தோட்டம் திருத்தினார். சமையற்காரர்க்குக் கராத்தே கற்பித்து உணவுச் செலவைக் குறைத்துக்கொண்டார். ஒருநாள் அவர் வாயிலைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது செய்தித்தாள் நிருபர் ஒருவர் வந்து, கராத்தே ஆசிரியரைக் காணவேண்டும் என்றார். சற்றே பொறுக்க என்று கூறி உள்ளே சென்ற கிழவர், துடைப்பத்தை வைத்துவிட்டு முறையான உடையணிந்து வெளிவந்து, புனகோஷி என்பேன் யானே என்று வணங்கினார். நிருபர் திகைத்தார். மற்றொருநாள் பழைய தொப்பியையும் தீவில் நெய்த உடையொன்றையும் அடகுக்கடைக்கு எடுத்துச் சென்றார். கடைக்காரர் பொருளின் மதிப்பினும் மிகுந்த தொகை தந்தார். அக்கடையைச் சார்ந்த ஒருவர் தம்மிடம் பயில்பவர் என்பது பின்னரே அவர்க்குத் தெரிந்தது.

1922-இல் வெளிவந்த முதல் நூலின் அச்சுத்தகடுகள் 1923 செப்டம்பர் முதல்நாள் நிகழ்ந்த பெரும் பூகம்பத்தில் அழிந்தன. மாணாக்கர் பலர் மாண்டனர். எஞ்சியோர் வறியராயினர். வங்கியொன்றில் எழுத்துநகல் வேலை செய்து நாள்கழித்தார் ஆசிரியர். ஆயினும் 1924-இல் கெய்யோப் பல்கலைக்கழகத்தில் முதற் கழகம் தோன்றியது. மற்றைப் பல்கலைக்கழகங்களும் தொடர்ந்தன.

இக்காலத்தே எழுந்தது பெயர்ப்பூசல். கரா என்னும் ஒலிக்குச் சீனம் எனப் பொருள்தரும் எழுத்தையே அதுகாறும் எழுதிவந்தனர். அதே ஒலியுடையதாய் வெறுமை எனப் பொருள்தரும் மற்றோர் எழுத்துண்டு. அதனை 1905-இலேயே ஹனாஷிரோ என்னும் ஒக்கினாவா ஆசிரியர் கையாண்டிருந்தார். புனகோஷியார் அவ்வெழுத்தையே கொள்ளவேண்டுமென வற்புறுத்தினார். கருவியில்லாத கை என்பது ஒரு பொருள். தன்முனைப்பும் தீயெண்ணமும் ஒழிந்த உள்ளம் என்பது பௌத்த நூலின் சூனியக் கொள்கையினின்றும் அவர் கொண்ட மறுபொருள். ஒலி மாறாது எழுத்தைமட்டும் மாற்றிப் பொருளைப் புதுக்கிய இத்திறம் என்போன்ற இலக்கணம் கற்றார்க்குச் சுவையுடைத்து. ஒக்கினாவாவில் எதிர்ப்பு மிகுந்தது. சீனத்தின் கடனை மறைக்கும் செயல் இது என்றனர். ஜப்பான் சீனத்தோடு பகைகொண்டிருந்த காலமாதலின், அக்குற்றச்சாட்டை முற்றிலும் புறந்தள்ளுதல் இயலாது. கட்டாக்களின் பழம்பெயர்களையும் அவர் ஜப்பானியப் பெயர்களாக மாற்றினார். நைஹாஞ்சி தெக்கி ஆயிற்று. 1936 அக்டோபரில் நஹா நகரிற் கூடிய தீவு ஆசிரியர்களும் புதிய எழுத்தை ஏற்றனர்.

மற்றொரு பூசல் இதனினும் அவரை நோவித்தது. 1927-இல் டோக்கியோப் பல்கலைக்கழக மாணவர் சிலர், கட்டா பயின்று சலித்து, முகத்திற்கும் மார்பிற்கும் காப்பணிந்து ஒருவரையொருவர் மெய்யாகவே தாக்கிப் போட்டியிடலாயினர். ஆசிரியர் தடுத்தும் கேளார். அவர் அக்கழகத்தினின்றும் விலகிவிட்டார். வருவாய்க்கு வழியில்லாத நாளில் வருவாயை விட்டு விலகினார் என்பதைக் கருதுக. வெல்லவேண்டும் என்ற வேட்கை நுழைந்தால், தடுத்தலிற் தொடங்கும் கலை தாக்குதலிற் தொடங்கிவிடும் என்று அவர் அஞ்சினார். 1938-இல் வெளியான அவர்தம் இருபது நெறிகளில், கராத்தே வணக்கத்தில் தொடங்கி வணக்கத்தில் முடிவது என்பதும், அதில் முதலில் கையோங்குதல் இல்லை என்பதும் முன்னிற்கின்றன.

அன்பர்கள் பொருள்திரட்டி 1930-களின் பிற்பகுதியில் டோக்கியோவில் அவர்க்கெனப் பயிற்சிக்கூடம் ஒன்று கட்டினர். இளமையில் அவர் உலாவிய சூரி மலையிற் தேவதாருக்கள் காற்றில் எழுப்பும் ஓசையை நினைந்து அவர் பூண்ட புனைபெயர் ஷோட்டோ. அதனால் கூடத்திற்கு ஷோட்டோகான் எனப் பெயராயிற்று. எழுபது வயதை அடுத்தபோதே சொந்தமாகக் கூரை கிடைத்தது. அது நிலைக்கவில்லை. மாணாக்கர் பலர் போருக்குச் சென்று மீளாராயினர். 1945-இல் வான்குண்டுகளால் ஷோட்டோகான் எரிந்தது. அவ்வாண்டே ஒக்கினாவாப் போரில் சூரி அரண்மனை தகர்ந்தது. தமக்குப்பின் கலையைத் தாங்குவான் என்று நம்பியிருந்த மகன் கிகோவும் அவ்வாண்டே எலும்புருக்கி நோயால் இறந்தான். தீவினின்றும் அகதியாய்க் கியூஷுவிலுள்ள ஒயித்தாவிற்கு வந்த மனைவியாரிடம் கிழவர் சென்று சேர்ந்தார். காய்கறி பயிரிட்டும் கடற்பாசி பொறுக்கியும் இருவரும் வாழ்ந்தனர். பிரிந்து வாழ்ந்த ஆண்டுகள் மிகப் பல. கூடிவாழக் கிடைத்தவை மிகச் சில. 1947-இல் அம்மையார் மறைந்தார். சாம்பற்கலயத்தை ஏந்திக் கிழவர் டோக்கியோவிற்கு இரயிலேறினார். வழியில் நிலையங்கள்தோறும் பழைய மாணாக்கர் வந்து நின்று வணங்கினர்.

முன்னர்ச் சொன்ன பண்ணிய நிகழ்ச்சிக்கு இனி வருகின்றேன். போருக்குப் பின்னர், எண்பது வயதளவில், இசைக்கவி பாடும் கூட்டமொன்றிற்குச் சென்று இருளில் தனியே மீண்டார். மறைவிலிருந்து ஒருவன் பாய்ந்து அவர் கைப்பொதியைப் பறிக்க முயன்றான். குடையை ஓங்கி அடிக்கவும் செய்தான். கிழவர் குனிந்து அவ்வடிக்குத் தப்பி, அவனது மர்ம ஸ்தானத்தை ஒரு கையால் இறுகப் பற்றிக்கொண்டார். அவன் அசைய மாட்டாது அலறினான். ரோந்து வந்த போலீசாரிடம் அவனை ஒப்புவித்துவிட்டு வீட்டை நோக்கி நடந்தார்.

ஊரார் இதனைக் கேட்டிருந்தால் கைகொட்டியிருப்பர். எண்பது வயதுக் கிழவர் கள்வனைப் பிடித்தார் என்று செய்தித்தாள் எழுதியிருக்கும். அவரோ நாணினார். அவன் போரினின்றும் மீண்டு பிழைக்க வழியின்றித் திரிந்தவனாக இருக்கலாம் என்றெண்ணி இரங்கினார். இளைஞர்க்கு எதனைச் செய்யற்க என்று வாழ்நாளெல்லாம் கற்பித்தாரோ அதனைத் தாமே செய்துவிட்டதாக உணர்ந்தார். சட்டம் அவரைக் குறை கூறாது. யானும் கூறேன், ஓங்கிய குடை ஓங்கியதே. ஆயினும் இளமையில் இருவர்க்குப் பண்ணியம் கொடுத்து நடந்தவர், முதுமையில் ஒருவனுக்குப் பொதியைக் கொடாமற்போனார். அந்த வேறுபாட்டைப் பிறர் எவரும் அளக்கவில்லை, அவரே அளந்தார்.

அவ்விருளில் அவர் உள்ளம் பட்டதைக் கண்டார் எவருமில்லை. வாயடைத்திருந்தால் நாம் அறிந்திருக்கமாட்டோம். 1956-இல் வெளியான தம் வாழ்க்கை வரலாற்றில் அவரே அதனை எழுதிவைத்தார். 1957 ஏப்பிரல் 26-ஆம் நாள் டோக்கியோவிற் காலமானார். அவ்வாண்டு அக்டோபரில் ஜப்பான் முழுமைக்கும் உரிய கராத்தே வெற்றிப்போட்டி ஒன்றை அவர் வழிவந்த சங்கத்தார் அந்நகரிலேயே நடத்தினர்.